நிதுசனுக்கு இருபத்தொரு வயது

காலையில் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன். ஃபில்டரில் இரண்டு பேருக்கான டிகாக்ஷன் இறங்கியிருக்கும். அளவைக் குறைக்க இன்னும் பழகவில்லை. ஒரு டம்ளர் குடித்துவிட்டு மீதியை மூடி வைப்பேன். குளியல், ஷேவிங், இரண்டு சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். ஆறே முக்காலுக்கு ரேடியோ. ஏழே காலுக்கு பூட்ஸ். மொன்றியாலின் வில்லா-மரியா மெட்ரோவுக்கு ஒன்பது நிமிட நடை. பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் எட்டு மணிக்கு என் நாற்காலியில் இருப்பேன்.

அந்தப் புதன்கிழமை பூட்ஸைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். வெளிப் படிக்கட்டு முழுவதும் கண்ணாடி. மூன்று நாளாகப் பெய்த மழை, விழுந்த இடத்திலேயே உறைந்திருந்தது. எதிர்வீட்டு மேப்பிள் மரத்தின் பாதி, நிறுத்தியிருந்த காரின் மேல் கிடந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். லொங்குய்யில் திங்கள் இரவிலிருந்து கரண்ட் இல்லை என்று ரேடியோ சொன்னது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது ஒரே குடும்பம். ஃபோன் செய்தேன்.

"நாங்கள் பரவாயில்லைத் தம்பி. கோட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறம்," என்றார் செல்வமலர் அக்கா.

"இங்க ஹீட்டர் ஓடுது. வந்துடுங்க அக்கா."

"உங்களுக்கேன் கரைச்சல்?"

"ஹம்சினி இருந்திருந்தா இதுக்குள்ள மூணு தடவை ஃபோன் பண்ணியிருப்பா."

 "வாறம்," என்றார்.

ஹம்சினி என் மனைவி. நவம்பர் இருபத்தாறாம் தேதி இறந்தாள். முப்பது வயது. ஒரு காலேஜில், மாணவர்களுக்குப் படிப்பு உதவி விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் மேசையில் வேலை பார்த்தாள். செல்வமலர் அக்காவின் மகன் நிதுசன் அங்கேதான் படிக்கிறான். அவள் படுத்திருந்த இரண்டு மாதமும் அக்கா ஞாயிறுதோறும் லொங்குய்யிலிருந்து மெட்ரோ மாறி மாறி ஒரு தூக்குச்சட்டியோடு வருவார். நாங்கள் மெட்ராஸ்காரர்கள். அவர்கள் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. ஹம்சினி கடைசியாக விரும்பிச் சாப்பிட்டது அக்காவின் புட்டு.

பதினோரு மணிக்கு வந்தார்கள். நிதுசன் இரண்டு பெரிய பைகளைச் சுமந்துகொண்டு முன்னால் ஏறினான். ஆறடி உயரம். கதவு நிலையில் குனிந்து வந்தான். பின்னால் அக்கா, தோளில் ஒரு பழைய கறுப்புக் கைப்பை. குளிர் கோட்டைக் கழற்றியவர் அந்தப் பையைக் கழற்றவில்லை.

"அண்ணை வரலையா?" என்று அவர் கணவரைப் பற்றிக் கேட்டேன்.

"அவருக்கு லீவு எங்கை? டோர்வல் எயாப்போட்டிலை பிளேன் செட்டையிலை ஐஸ் கரைக்கிற மருந்து அடிக்கிறவர்தானே. இந்தக் கிழமை அங்கையே படுக்கை," என்றார். பெரிய பையைத் திறந்தார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய மீன்.

"இதை எதுக்குக்கா தூக்கிட்டு வந்தீங்க?"

"குளிர்ப்பெட்டிக்கை கிடந்து பழுதாப்போகும்."

"வெளில வச்சாலே போதுமே. ஊரே ஃப்ரீசரா இருக்கு."

"வைச்சிட்டு? அணிலுக்கோ விருந்து வைக்கிறது?"

நிதுசன் சிரித்தான். என் வீட்டில் யாராவது சிரித்துக் கேட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது.

அக்கா அரை மணிக்குள் சமையலறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். ஷாபனெல் தெருவில் கோட்டுக்குக் கழுத்துப்பட்டி தைப்பது அவர் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு பட்டி. அந்த வேகம் கையில் இருந்தது. மாவை வறுத்து, சுடுநீர் விட்டுக் கொத்தி, தேங்காய்ப்பூவோடு குழலில் அடைத்தார். மீன் குழம்பின் புளி வாசனை படுக்கையறை வரை போனது. சாப்பிட்டோம். ஜன்னலுக்கு வெளியே கிளைகள் ஒவ்வொன்றாக முறிந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு நிதுசன் கேட்டான்.

"அண்ணா, ஹம்சினி அக்கா என்ர ஃபோமை நிரப்பி வச்சிட்டன் எண்டு சொன்னவ. இருக்கா?"

"இருக்கு."

"பெப்ரவரி பதினைஞ்சுக்குள்ள போகோணும்."

நீல ஃபைல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நவம்பருக்குப் பிறகு அதைத் தொடவில்லை. எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம். விவசாயப் பொறியியல். நிதுசனின் அப்பா அரியரத்தினம் எழுபத்தைந்தில் இலங்கை அரசாங்கம் அனுப்பி, அங்கே, அதே துறையில், எம்.எஸ். படித்தவர். மனைவியையும் கூட்டிப் போயிருந்தார். நிதுசன் அங்கேதான் பிறந்தான். பிறந்ததால் அமெரிக்கக் குடிமகன். இப்போது அதே துறையில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அக்டோபரில் கடிதம் வந்தது. அமெரிக்க அரசின் உதவித்தொகை கிடைத்தால்தான் போக முடியும். அதற்கான விண்ணப்பம்தான் அந்த ஃபைலில் இருந்தது.

ஹம்சினியின் கையெழுத்து. கட்டம் கட்டமாக, கறுப்பு மையில், ஒரு அடித்தல் இல்லாமல். நான் தொழில்முறையில் வரைபவன். என்னால் இவ்வளவு சுத்தமாக எழுத முடியாது. இரண்டு இடம் மட்டும் காலியாக விட்டிருந்தாள். ஒன்று பிறந்த தேதி. இன்னொன்று ஒரு சின்னக் கட்டம். கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு கோட்டின் தொடக்கத்திலும் பென்சிலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. ஒன்று மாணவனுக்கு, ஒன்று பெற்றோருக்கு.

"ஏன் பிறந்த திகதி எழுதேல்லை?" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது.

"அம்மா, அவவுக்குத் தெரியும். நான்தான் சொன்னனான்."

"என்னத்தைச் சொன்னனீ?"

"உண்மையை."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு எதுவும் தெரியாது என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"தம்பிக்குச் சொல்லுறதுக்கு என்ன. இவனுக்குக் கடதாசியிலை பத்தொன்பது. சரியான வயது இருபத்தொண்டு."

சொல்லிவிட்டுக் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்டில் நடந்தது. நிதுசனுக்கு அப்போது பதின்மூன்று, பதினாலு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதற்கு முன்பே மொன்றியால் வந்துவிட்டார். சாவகச்சேரியில் அக்கா மகனோடு தனியாக இருந்தார்.

"இவன் அப்பவே என்ர தலைக்கு மேலை வளந்திட்டான் தம்பி. ஒரு பக்கம் இயக்கம், மற்றப் பக்கம் ஆமி. ரெண்டு பேரும் பெடியளின்ர உயரத்தைத்தான் பாக்கிறவை. பக்கத்து வளவுப் பெடியன் கிருபானந்தன், இவனோட ஒண்டா ரியூசன் போனவன், ஒருநாள் சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. அண்டைக்குப் பின்னேரமே பதிவுகாரரிட்டைப் போனன். வீட்டிலை பிறந்த பிள்ளை, பதியாமல் விட்டிட்டம், எழுபத்தெட்டு எண்டன். அவர் கண்ணாடிக்கு மேலாலை பாத்தார். பாத்திட்டு எழுதினார்."

"நல்ல மனுஷன்."

"அவருக்கும் மூண்டு பெடியள்."

வவுனியா சோதனைச் சாவடியில் சிப்பாய் கடதாசியைப் பார்த்தான், பையனைப் பார்த்தான், பன்னிரண்டு வயதா என்று கேட்டான். நிதுசன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"நான் என்ர சீவியத்திலை ஒரு பொய்தான் சொன்னனான்," என்றார் அக்கா. "அதை வடிவாச் சொன்னனான்."

அந்தப் பொய்யோடு கனடா வந்தார்கள். இங்கே இரண்டு வகுப்பு கீழே சேர்த்தார்கள். வகுப்பில் மீசை முளைத்த ஒரே பையன் அவன்தான். வீட்டுக்குள்ளும் உண்மையான வருடத்தை யாரும் சொல்வதில்லை.

"ஒஹாயோக்காரருக்கு அங்கத்தைப் பிறப்புப் பத்திரம் வேணும் அம்மா. அதிலை எழுபத்தாறு. அது துலைஞ்சு போச்செண்டு எத்தினை வருசம் சொல்லப் போறியள்?"

"துலைஞ்சுதான் போச்சு."

"சரி. நான் அங்கை எழுதி இன்னொண்டு எடுப்பன்."

"இந்தச் சின்னப் பெட்டி என்ன?" அக்காவின் விரல் காலிக் கட்டத்தின் மேல் நின்றது.

நிதுசன் என்னைப் பார்த்தான். நான் வாசித்தேன். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் உள்ள ஆண் பிள்ளைகள் அமெரிக்க அரசின் படைப் பதிவேட்டில் பெயர் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்கு உதவித்தொகை இல்லை. இன்னும் பதியாதவர்கள் இந்தக் கட்டத்தில் குறி போட்டால் அரசே பதிந்துகொள்ளும்.

"படையெண்டால் ஆமியோ?"

"ஆமிதான். ஆனா இப்ப ஒருத்தரையும் கூப்பிடுறேல்லை அம்மா. இருபத்தைஞ்சு வருசமாக் கூப்பிடேல்லை. பேரை மட்டும் வச்சிருப்பினம்."

"பேரை ஏன் வைச்சிருக்கினம்? பூசை செய்யவோ?"

"அம்மா—"

"பதினெட்டுத் தொடக்கம் இருபத்தைஞ்சு. எந்த நாட்டிலையும் கேக்கிற வயது ஒண்டுதான். நான் மாட்டன். உவ்வளவு தூரம் ஒளிச்சுக் கொண்டந்து, நானே பேரெழுதிக் குடுக்கிறதோ? இஞ்சை மொன்றியால்லை படி. இஞ்சை பள்ளிக்கூடம் இல்லையோ?"

"அப்பா படிச்ச இடம் அது." நிதுசன் சத்தம் போடவில்லை. "அப்பா அங்கை படிச்ச படிப்புக்கு இண்டைக்குச் செட்டை கழுவுறார். அந்தப் படிப்பை நான் முடிக்கிறன் எண்டு அவருக்குச் சொல்லிட்டன்."

அக்கா எழுந்து போய், ஏற்கனவே கழுவிய சட்டியை மறுபடி கழுவினார்.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவிலும் கரண்ட் போனது. ஹீட்டர் ஆறியது. கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். எங்கள் கல்யாணத்துக்கு அலுவலகத்தில் கொடுத்த ஃபாண்டு அடுப்பு ஒன்று அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. ஸ்பிரிட் ஊற்றி எரிப்பது. சீஸ் உருக்குவதற்கானது. அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அதன்மேல் கேத்தலை ஏற்றினார். நாற்பது நிமிடத்தில் மூன்று தேநீர் வந்தது.

"வெள்ளைக்காரன் இதிலை என்னத்தைச் சமைக்கிறான்?"

"சீஸை உருக்கி ரொட்டி தொட்டுச் சாப்பிடுவாங்க அக்கா."

"அதுக்கு ஒரு அடுப்பு. பாவங்கள்."

அம்மாவும் மகனும் அதற்குமேல் அந்த விஷயம் பேசவில்லை. ஃபைல் மேசையிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவில் லாரிச் சத்தம். அக்கா ஜன்னலுக்குப் போனார். போனவர் அப்படியே நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். பச்சை உடுப்பு, தலைக்கவசம், ஏழெட்டுப் பேர். மின்கம்பிமேல் விழுந்த கிளையை வெட்டுவதற்கும், வீடு வீடாக ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்கும் ராணுவத்தை அனுப்பியிருந்தார்கள். ரேடியோவில் சொன்னார்களாம். பாட்டரி தீர்ந்ததில் நாங்கள் கேட்கவில்லை.

அவரிடம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் நிதுசனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். படுக்கையறை. துணி அலமாரி. ஹம்சினியின் சேலைகள் இன்னும் அங்கேதான் தொங்குகின்றன.

"அம்மா, விசரோ உங்களுக்கு? இது கனடா!"

"மூச்சுக் காட்டாதை."

ஆறடிப் பையனை மடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். வெளிக்கதவு தட்டப்பட்டது. அவரே போய்த் திறந்தார். தோளில் கறுப்புப் பை.

சிப்பாய்க்கு முகம் குளிரில் சிவந்திருந்தது. மூக்கு ஒழுகியது. கையில் பெயர்ப்பட்டியல் செருகிய அட்டை.

"போன்ஜூர் மதாம். எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

அக்காவுக்கு ஃபேக்டரி பிரெஞ்சு தெரியும். தன்னைக் காட்டினார். என்னைக் காட்டினார். இரண்டு விரல். "ஸெ து." அவ்வளவுதான்.

 மற்றொரு கை பையின் அடியைப் பிடித்திருந்தது.

அவன் எழுதிக்கொண்டான். மேசையில் ஃபாண்டு அடுப்பைப் பார்த்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், புகை ஆபத்து என்றான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான். பக்கத்து வீட்டுப் பாட்டி றோசாவுக்கு மூச்சு முட்டுகிறது. ஆம்புலன்ஸ் தெருமுனை வரைதான் வர முடிகிறது. நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். வெளிப் படிக்கட்டு வளைந்தது, பனி மூடியது. என் ஆட்கள் கம்பியில் இருக்கிறார்கள். உங்களால் ஒரு கை பிடிக்க முடியுமா?

எனக்கு முதுகில் பழைய அடி உண்டு. இருந்தாலும் பூட்ஸைத் தேடினேன்.

படுக்கையறைக் கதவு திறந்தது. நிதுசன் வந்தான். தோளில் ஹம்சினியின் மஞ்சள் சால்வை சிக்கியிருந்தது. எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தான். அம்மாவைப் பார்க்கவில்லை.

"நான் தூக்குறன் அண்ணா."

சிப்பாய் பட்டியலைப் பார்த்தான். அக்காவின் இரண்டு விரலை நினைத்திருக்க வேண்டும். அட்டையைக் கக்கத்தில் செருகிக்கொண்டான்.

நானும் அக்காவும் முன்பக்க பால்கனியில் நின்று பார்த்தோம். றோசாவைப் போர்வையில் சுற்றி ஒரு சமையலறை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டி போர்ச்சுகீஸில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நிதுசன் கீழ்ப்பக்கம் பிடித்தான். பாரம் முழுவதும் அவன் பக்கம்தான். முதல் படியில் பூட்ஸ் குதிகாலால் பனியை உடைத்தான். கால் வைத்தான். அடுத்த படி. உடைத்தான். கால் வைத்தான். மேலே சிப்பாய் ஒருமுறை சறுக்கினான். நாற்காலி சாய்ந்தது. நிதுசன் நெஞ்சால் முட்டுக்கொடுத்து நிறுத்தினான். அக்கா கம்பியைப் பிடித்திருந்த கையில் கையுறை இல்லை. அவருக்கு அது தெரியவில்லை.

கீழே இறங்கியதும் சிப்பாய் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினான். நிமிர்ந்து நிதுசனை மேலும் கீழும் பார்த்தான்.

"உனக்கு என்ன வயசு?"

"இருபத்தொன்று."

பிரெஞ்சில்தான் சொன்னான். தெரு முழுவதும் கேட்கும்படி சொன்னான்.

"எனக்குப் பத்தொன்பது," என்றான் சிப்பாய். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னவாம்? பத்தொன்பதோ அந்தப் பிள்ளைக்கு?"

"ஆமாக்கா."

"தாய் எங்கையிருக்கிறாவோ." மீண்டும் கீழே பார்த்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நிதுசன் ஒரு தலை உயரம். "என்ர பிள்ளை எல்லோ உயரம்," என்றார்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

சிப்பாயை மேலே கூப்பிடச் சொன்னார். ஃபாண்டு அடுப்பில் நாற்பது நிமிடம் அவனால் காத்திருக்க முடியாது. ஃபிளாஸ்க்கில் இருந்த தேநீரை ஊற்றி, மூன்று கரண்டி சர்க்கரை போட்டு, ஹம்சினியின் டம்ளரில் கொடுத்தார். அவன் நின்றபடியே குடித்துவிட்டு, மெர்சி சொல்லிவிட்டு, பட்டியலில் இரண்டை மூன்றாகத் திருத்திக்கொண்டு போனான்.

ஞாயிறு காலை கரண்ட் வந்தது. ஹீட்டர் டிக் டிக்கென்று சூடேறியது. அக்கா குளித்து, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"தம்பி, ஒரு பிளேட் தாருங்கோ."

ஷேவிங் பிளேட் கொடுத்தேன். கறுப்புப் பையைக் கவிழ்த்தார். உட்துணியின் அடியில் ஒரு தையல். நூல் நிறம் கொஞ்சம் வேறு. தையல்காரிக்குத்தான் கண்ணில் படும். ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தார். கழுத்துப்பட்டி பிரிப்பதுபோலத் துணியில் கீறல் விழாமல் பிரித்தார். உள்ளே பொலித்தீனில் நாலாக மடித்த ஒரு கடதாசி. ஒஹாயோ மாநில முத்திரை. அதோடு ஆஸ்பத்திரி கொடுத்த ஒரு அட்டை. அட்டையில் இரண்டு பாதம், கறுப்பு மையில், என் கட்டைவிரல் நீளம்.

நிதுசன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உதிலையோ இருந்தது? ஏழு வருசமும்?"

"செக்பொயின்ற்றிலை பைக்கை கை விட்டவங்கள். துணிக்குள்ளை விடேல்லை." என் பேனாவை எடுத்துக்கொண்டார். "நான் எழுதுறன். அந்த வருசத்தை மாத்தினது நான். நான்தான் திருப்பி எழுதோணும்."

காலிக் கட்டங்களில் எழுதினார். அக்டோபர் நாலு, எழுபத்தாறு. ஹம்சினியின் எழுத்துக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"இஞ்சத்தைக் கடதாசியள்?" என்றான் நிதுசன். "கனடாக்காரர் கேட்டால்?"

"ஒரு வக்கீலிட்டைப் போவம். கேட்டால் நான் சொல்லுறன். பொய் என்ர. என்னத்துக்குச் சொன்னதெண்டும் சொல்லுறன்."

பேனா சின்னக் கட்டத்துக்கு வந்து நின்றது.

"கூப்பிட்டால்?"

"கூப்பிட்டால் நான் பதில் சொல்லுவன் அம்மா. போறதோ விடுறதோ. அலுமாரிக்கை இருந்து சொல்ல மாட்டன்."

அக்கா பேனாவை அவனிடம் நீட்டினார். "அப்ப இது உன்ர. நீ போடு."

புள்ளடி என்றுதான் அவர்கள் அந்தக் குறியைச் சொல்கிறார்கள். நிதுசன் போட்டான். கையெழுத்தும் போட்டான். அக்கா அடுத்த கோட்டில், பென்சில் குறியில் தொடங்கி, முழுப் பெயரும் எழுதினார். செல்வமலர் அரியரத்தினம். எழுதியதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார்.

பிறகு டோர்வலுக்கு ஃபோன் செய்தார். அண்ணையைக் கூப்பிட்டுவர நேரமானது. காத்திருந்தார்.

"நான்தான். சுகமோ?... ஓம், கரண்ட் வந்திட்டுது. இஞ்சை கேளுங்கோ. உங்கட மகனுக்கு இருபத்தொரு வயது... ஓம். எழுதியாச்சு... ஏன் அழுகிறியள்? பக்கத்திலை ஆக்கள் இல்லையோ? போய் மருந்தை அடியுங்கோ."

மத்தியானம் பைகளைக் கட்டினார்கள். லொங்குய்யில் இன்னும் கரண்ட் இல்லை. இருங்கள் என்றேன். வீடு தனியாகக் கிடக்கிறது, குழாய் வெடித்துவிடும் என்றார். கதவருகே பூட்ஸ் மாட்டும்போது கேட்டார்.

"தம்பி, கேக்கக்கூடாது. கோயில்லை பாலாம்பிகை சொன்னா, ஹம்சினிப் பிள்ளை முருகா எண்டு சொல்லிச் சொல்லித்தான் கண்ணை மூடினவவாம். மெய்யோ?"

ஆறு வாரமாகப் பலரும் பலவிதமாகக் கேட்டார்கள். நான் தலையாட்டியிருக்கிறேன். அந்த வீட்டில் அன்று யாரும் பொய் சொல்லவில்லை. நானும் சொல்ல விரும்பவில்லை.

"இல்லைக்கா," என்றேன்.

மேசைக்குப் போனேன். விண்ணப்பம் விரித்தபடி இருந்தது. டிராயரிலிருந்து என் ரப்பரை எடுத்தேன். இரண்டு கையெழுத்தின் தொடக்கத்திலும் அந்தச் சின்னக் குறி மைக்கு அடியில் தெரிந்தது. கை வரவில்லை. நிதுசன் பக்கத்தில் வந்து தாளை இரண்டு ஓரத்திலும் அழுத்திப் பிடித்தான். அழித்தேன். தூளை ஊதினேன். மை கலையவில்லை.

நவம்பர் இருபத்தாறு, காலை ஒன்பதரை. நர்ஸ் தலையணையை மாற்றிவிட்டுப் போயிருந்தாள். ஹம்சினி கண்ணைத் திறந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ராகவ், நிதுசன் ஃபார்ம்ல கையெழுத்துப் போடற இடத்துல பென்சில்ல குறி வச்சிருக்கேன். அவங்க ரெண்டு பேரும் போட்டதும் அழிச்சிடு."